ஒரு மைவி, ஆறு நாள், நாங்கள் இருவர்

உலு திராமில் எங்கள் தாமான் விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துவிடும். முதலில் ஒரு மோட்டார் சைக்கிள், அடுத்து இன்னொன்று, பிறகு எண்ண முடியாது. எல்லாம் சிங்கப்பூருக்கு. 1924-ல் திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தைத் தினமும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் கணவர். வூட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நாலரைக்குப் புறப்பட்டால் இரவு ஏழரைக்குத்தான் வீடு.

நான் வானொலி அறிவிப்பாளர். என் நிகழ்ச்சி மாலை ஆறு முதல் பத்து வரை. நான்கு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் பதினொரு மணிக்குத் திரும்புவேன். அதற்குள் அவர் ஒரு தூக்கம் தூங்கி முடித்திருப்பார். ஜொகூரில் இப்படி வாழும் தம்பதிகள் நாங்கள் மட்டும் இல்லை. இதைப் படிக்கும் பலருக்கு இந்தக் கணக்கு அத்துப்படியாக இருக்கும். அவர் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது துணைக்கு என் குரல் இருக்கும், வானொலியில். நேயர்களுக்கு நான் சொல்லும் "சாப்பிட்டீங்களா?" அவருக்கும் சேர்த்துத்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். இந்த ஐந்து வருடத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை எடுத்ததில்லை. அவருக்கு லீவு கிடைத்தால் எனக்கு மேடை நிகழ்ச்சி இருக்கும். எனக்கு ஓய்வென்றால் அவருக்கு ஓவர்டைம். சென்ற மாதம்தான் இரண்டும் ஒத்து வந்தது. சனி முதல் வியாழன் வரை ஆறு நாள்.

"எங்கே போகலாம்?" என்றேன்.

"மேலே போகலாம்" என்றார்.

"மேலே" என்றால் கேமரன் மலை. அது அவர் பாட்டியின் சொல். பாட்டி ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவர். கட்டிக்கொடுத்த பிறகு ஜொகூருக்கு, ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். சாகும்வரை இந்த வெக்கையையும் கொசுவையும் அவர் மன்னிக்கவில்லை. "மேலே இருந்தப்போ" என்றுதான் எல்லாக் கதையும் ஆரம்பிக்கும். பேரன் அந்த மேலேயைப் பார்த்ததே இல்லை.

ஒரே மூச்சில் ஓட்டிப் போகாமல் மலாக்காவில் இரண்டு இரவு தங்கிப் போவது என்று முடிவு செய்தோம். கடல் கொஞ்சம், மலை கொஞ்சம். கிழக்குக் கரைக்குப் போகலாமே என்று என் அக்கா சொன்னாள். எங்கள் ஊரை ஊடறுத்துப் போகும் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையிலேயே போனால் கோத்தா திங்கி, மெர்சிங், குவாந்தான் என்று கடல் ஓரமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். அது இன்னொரு விடுமுறைக்கு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி, சேனாய்–டெசாரு நெடுஞ்சாலையைப் பிடித்து, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். காரில் ஒலி 96.8 ஓடிக்கொண்டிருந்தது. ஜொகூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் வானொலியும் சொந்த வானொலிதான். கூலாயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரைச்சல் கூடி, பாட்டு பாதியில் அறுந்தது. என் தொழில் புத்தி, உடனே வேறு அலைவரிசை தேடினேன். அவர், "விடு, கொஞ்ச நேரம் சும்மா இரு" என்றார்.

சும்மா இருப்பது எனக்கு வராத கலை. மாச்சாப் ஆர் அண்ட் ஆரில் நாசி லெமாக் சாப்பிட்டபோது ஒரு கணக்குப் போட்டேன். ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து ஒரே இடத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு? ஞாயிறு காலை கோயில், சந்தை, அவர் வீட்டுக்கோ என் வீட்டுக்கோ ஒரு நடை, எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம் வந்தது. அதிலும் பாதி நேரம் வேறு யாராவது கூட இருப்பார்கள். அவரிடம் சொன்னேன். நம்பாமல் தானும் விரல்விட்டு எண்ணினார். அவருக்கு எட்டரைதான் வந்தது.

காற்றுக்குக் காத்திருந்த ஊர்

மலாக்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரும் போயிருப்போம். டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடம், 1753-ல் கட்டி முடித்த தேவாலயம், போர்த்துகீசியக் கோட்டையில் மிஞ்சி நிற்கும் ஒற்றை வாசல், பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் அலங்கார ரிக்‌ஷாக்கள். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வார இறுதியில் மட்டும்தான். அதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்களைப் போல வார இறுதியில் போங்கள். கார் நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்றத் தயாராகவும் போங்கள். குலா மலாக்கா ஊற்றிய செண்டோல் அந்த அரை மணி நேரத்துக்குத் தகும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்துத் தெரு. ஜாலான் துக்காங் எமாஸில் நடந்தால் சில நிமிடத்துக்குள் ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு சீனக் கோயில். கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748-ல் எழுந்தது. ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-ஐச் சேர்ந்தது. மலாக்கா செட்டி சமூகத்தின் தலைவராக இருந்த தைவநாயகம் செட்டிக்கு டச்சு நிர்வாகம் தந்த நிலத்தில் எழுந்த கோயில் அது. இன்றும் பூசை நடக்கிறது. சிவப்பு ஓடும் சின்னக் கோபுரமுமாக, இது கோயிலா பழைய வீடா என்று ஒரு கணம் யோசிக்க வைக்கும்.

மலாக்கா செட்டி என்றதும் நகரத்தார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் வேறு, இவர்கள் வேறு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் தமிழகக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்து, இங்கே மலாய், ஜாவானிய, சீனப் பெண்களை மணந்து தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். பதினாறாம் நூற்றாண்டில் இங்கே இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் நம் மொழியும் இருந்தது.

ஏன் தங்கினார்கள்? காசு ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்று. பாய்மரக் கப்பல் ஒரு பருவக்காற்றில் வந்தால் திரும்பிப் போக எதிர்க்காற்று வீசும்வரை காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில். வீடும் மனைவியும் கடலுக்கு அந்தப் பக்கம், தொழில் இந்தப் பக்கம். சிலர் போய்ப் போய் வந்தார்கள். சிலர் இங்கேயே குடும்பமானார்கள். இதைக் கோயில் வாசலில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர், "இப்ப காத்துக்குப் பதிலா இமிகிரேஷன் கவுண்டர்" என்றார்.

ஞாயிறு மாலை காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போனோம். ஒரு வளைவு, சிறு அருங்காட்சியகம், சில வீடுகள், சில கோயில்கள். பெரிய ஊராக எதிர்பார்த்துப் போகாதீர்கள். நிலம் சுருங்கிக்கொண்டே வந்து, நாலா பக்கமும் உயரமான கட்டடங்கள் எட்டிப்பார்க்கின்றன. ஆனால் சில வீடுகளின் நிலைப்படியில் மாவிலைத் தோரணம் இருக்கிறது, முன்னால் திண்ணை இருக்கிறது. அந்தத் திண்ணை ஒன்றில் உட்கார்ந்திருந்த அறுபது வயது அம்மா ஒருவர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

அவர் பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர். பேசியது முழுக்க மலாய். வயிற்றுப்பிழைப்பே தமிழ் பேசுவதாக இருக்கும் நான், ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மலாயில் பொங்கலைப் பற்றிப் பேசினேன். போகிப் பண்டிகை அன்றும், பழங்கள் பழுக்கும் ஆண்டு நடுவிலும் 'பார்ச்சு' என்ற படையல் போடுவார்களாம். வாழையிலை போட்டு, இறந்த முன்னோருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வைத்து, அவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டார் சாப்பிடுவார்கள். அதில் சம்பாலும் இருக்கும், பொரியலும் இருக்கும்.

"பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூர், சிங்கப்பூர். ஆனால் பார்ச்சுவுக்கு வராவிட்டால் விடமாட்டேன். செத்தவர்களே வருகிறார்கள், இவர்களுக்கு என்ன?" என்றார், மலாயில். நாங்கள் எழுந்தபோது என் கணவரிடம், எங்கே வேலை என்று கேட்டார். சிங்கப்பூர் என்றதும் "தினமும் போய் வருகிறாயா, தங்கிவிட்டாயா?" என்று அடுத்த கேள்வி. தினமும் என்றதும் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். பாராட்டா பரிதாபமா தெரியவில்லை.

அன்று இரவு கடலோரமாக நடந்தோம். நீரிணையில் கப்பல் விளக்குகள் வரிசையாக நின்றன. அவர் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டரை மணிக்கு அவருக்குக் கண் சொருகிவிடும், விடுமுறையிலும்.

தாப்பா சாலை

திங்கட்கிழமை மலாக்காவிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கோலாலம்பூரைச் சுற்றி நின்று நின்று போனதைத் தவிர.

தாப்பாவில் இறங்கியதும் பழைய மலைச் சாலை ஆரம்பிக்கிறது. தானா ராத்தாவுக்கு அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஈப்போ பக்கத்திலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறும் புதிய சாலை அகலமானது, சுலபமானது. வயிறு புரட்டுபவர்களுக்கு அதுதான் நல்லது. நாங்கள் பழைய சாலையைத்தான் எடுத்தோம். பாட்டி இறங்கி வந்த சாலை அது.

1885-ல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் குறித்துவைத்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை. 1920-களின் பிற்பாதியில்தான் தாப்பாவிலிருந்து சாலை வெட்ட ஆரம்பித்தார்கள். சாலை வந்ததும் தேயிலை வந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலை வந்ததும் நம் ஆட்கள் வந்தார்கள். கங்காணிகள் வழியாகக் கடல் கடந்து வந்தவர்கள், கீழே ரப்பர் தோட்டங்களிலிருந்து மேலே ஏறியவர்கள். 1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அந்த வரத்து இருந்தது. நிர்வாகத்தில் பகாங் மாநிலம், சாலையோ பேராக்கிலிருந்து. கேமரன் மலையின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்தினோம். சாலை ஓரத்திலேயே பாறைமேல் வழுக்கிக்கொண்டு இறங்கும் அருவி. ஓராங் அஸ்லி மக்கள் காட்டுத் தேனும் பெத்தாயும் விற்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே தலை சுற்றியது. புளிப்பு அசாம் பாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. வானொலி எப்போதோ செத்துவிட்டது.

மறுபடி கிளம்பி நாலு வளைவு போயிருப்போம். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கம்பெனியில நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை கொடுக்கிறாங்க. நிரந்தரமா. எழுநூறு டாலர் கூட. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"எப்ப கேட்டாங்க?"

"ரெண்டு வாரமாச்சு."

எழுநூறு சிங்கப்பூர் டாலர் என்றால் நம் காசில் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். எங்கள் வீட்டுக் கடன் மாதத் தவணையைவிட அதிகம். ரெண்டு வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, எப்போது சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். இரவு பதினொரு மணிக்குத் தூங்குகிறவரை எழுப்பியா? காலை நாலு மணிக்குத் தூங்குகிற என்னை எழுப்பியா? குரல் பதிவாக அனுப்புகிற விஷயமா இது?

ரிங்லெட் வரும்வரை பேசினோம். சண்டையும் கொஞ்சம் இருந்தது. வளைவுகளில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் இடைவேளை. இரவு வேலை என்றால் மாலை ஏழு முதல் காலை ஏழு. அவர் வீட்டுக்கு வரும்போது ஒன்பது. நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனால் அவர் படுத்துவிடுவார். எழும்போது நான் கிளம்பிவிடுவேன். காசை வைத்துப் பார்த்தால் வீட்டுக் கடனைச் சில வருடம் முன்னதாக முடிக்கலாம். "இப்ப மட்டும் என்ன, தினமும் உட்கார்ந்து பேசிக்கிட்டா இருக்கோம்?" என்றார். அது நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

"நீங்க எந்தத் தோட்டம்?"

கேமரனில் மூன்று இரவு. வார நாளில் போனது நல்ல முடிவு. சனி, ஞாயிறில் பிரிஞ்சாங் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும் என்று தங்குமிடத்தில் சொன்னார்கள். இரவில் பதினைந்து, பதினாறு டிகிரிக்கு இறங்குகிறது. மின்விசிறி இல்லாத அறையில் தூங்குவதே ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு அனுபவம்.

செவ்வாய் காலை சுங்கை பாலாஸ் தேயிலை மையம். திங்களன்று மூடியிருக்கும், கவனம். பெயர் என்னவோ 'போ', ஆனால் வந்தவர்கள் யாரும் சீக்கிரம் போவதாக இல்லை. பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் நின்று எல்லாரும் ஒரே படத்தை எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். பக்கத்துத் தொழிற்கூடத்தில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி, தரம் பிரிப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கலாம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது. பாட்டி முதுகில் கூடையோடு நின்றிருந்த சரிவுகளில் இப்போது வெட்டுக் கருவியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு வங்காளதேச இளைஞர், கைப்பேசியில் மனைவியோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தார். கேமராவைத் திருப்பி மலையைக் காட்டினார்.

அங்கிருந்து குனோங் பிரிஞ்சாங் உச்சி. 2,000 மீட்டருக்கு மேல் காரே ஏறிப்போகும் சாலை, ஆனால் குறுகியது, எங்கள் மைவி முனகியது. பாசி படர்ந்த மரங்களுக்கு நடுவில் மேகம் நடந்து போகிறது. எல்லாரும் மரங்களைப் படமெடுக்க, நான் ஒலிபரப்புக் கோபுரங்களைப் படமெடுத்தேன். எங்கள் பிழைப்பு இந்தக் கம்பிகளில் தொங்குகிறது.

தானா ராத்தாவில் காட்டுப் பாதைகள் நிறைய. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தோம்சன், 1967 மார்ச் 26 அன்று இங்கே ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனவர், இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கதையைப் படித்துவிட்டு நாங்கள் பாதையில் பாதியிலேயே திரும்பினோம். ஸ்ட்ராபெர்ரி பறிக்கலாம். புளிக்கும்.

அழகைப் பற்றி மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் வெள்ளை வெள்ளையாக. ஆற்று நீர் தே தாரிக் நிறத்தில். ரிங்லெட் ஏரியில் மண் சேர்ந்துகொண்டே போகிறது. 2013 அக்டோபர் 23 அன்று அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மலையைச் சுரண்டினால் அது எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? அடுக்குமாடிகளோ இன்னும் எழுந்துகொண்டிருக்கின்றன.

புதன்கிழமை பாட்டியின் தோட்டத்தைத் தேடிப் போனோம். பெயர் மட்டும்தான் தெரியும். ரிங்லெட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் வழி சொன்னார். தேயிலைக்கு நடுவே ஒரு செம்மண் பாதை, ஒரு மாரியம்மன் கோயில், அதற்குக் கீழே லயத்து வீடுகள் ஒரு வரிசை. சில வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கோயிலில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கம்பளிச் சட்டை, தலையில் துண்டு. பெயர் கேட்கவில்லை. நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வியைத்தான் கேட்டார்.

"நீங்க எந்தத் தோட்டம்?"

என் கணவர் ஜொகூரில் தன் அப்பா பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது இப்போது தாமான் ஆகிவிட்டது என்பதையும், தன் பாட்டி இங்கே பிறந்தவர் என்பதையும் சொன்னார். பாட்டி பெயரைக் கேட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். தெரியவில்லை. "எனக்கு முந்தின ஆளா இருக்கும். ஆனா கீழே ஜொகூருக்குக் கட்டிக்கொடுத்த பொண்ணுங்க ரெண்டு மூணு பேருன்னு எங்கம்மா சொல்லும்" என்றார். அதுவே என் கணவருக்குப் போதுமாக இருந்தது.

உட்காரச் சொல்லி வரக்காப்பி கொடுத்தார். தேயிலைக்கு நடுவில் காப்பி! "எல்லாத் தேயிலையும் வெளிய போயிடும். நாங்க குடிச்சது தூசி. அதான் காப்பிக்கு மாறிட்டேன்" என்று சிரித்தார். பழைய கதைகள் வந்தன. விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு. பனி பெய்தாலும் மழை பெய்தாலும் பேர் கொடுக்க நிற்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு மலையேற வேண்டும். புருஷன் மேல் மலையில் மருந்தடிப்பு, இவர் கீழ் மலையில் கொழுந்து.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பார்க்கிறதே ராத்திரிதானா?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஏன்? மத்தியானம் சங்கு ஊதினா அவரு இறங்கி வந்திடுவாரு. பத்து நிமிஷம் இறக்கம். ஒரே தூக்குல சாப்பிட்டுட்டு மறுபடி ஏறிப் போயிடுவாரு. கங்காணி திட்டுவாரு, ஏறத்துக்குள்ள நேரமாயிடும்னு. திட்டட்டுமே."

திரும்பும்போது கோயில் உண்டியலில் பாட்டி பெயரைச் சொல்லிக் காசு போட்டார் என் கணவர். லயத்து வரிசையில் எந்த வீடு என்று தெரியாததால் எல்லா வீட்டையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டார்.

அன்று இரவு தானா ராத்தாவில் ஸ்டீம்போட் கொதிக்கும்போது, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் மறுபடி கணக்குப் போட்டோம். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து. எழுநூறு டாலர் ஒரு பக்கம். எட்டரையோ ஒன்பதோ மணி நேரம் இன்னொரு பக்கம். என் கணக்கும் மேசைக்கு வந்தது. மாதத்தில் நான்கு ஞாயிறில் மூன்றில் எனக்குக் கல்யாணம், பிறந்தநாள், அறிவிப்பாளர் வேலை. அதுவும் காசுதான், நல்ல காசு. இரண்டு பேர் வேலையையும் வைத்துப் பார்க்காமல் அவர் வேலையை மட்டும் எடைபோடுவது எப்படிச் சரியாகும்? புக்கிட் சாகாரிலிருந்து வரப்போகும் ஆர்டிஎஸ் ரயில் ஐந்து நிமிடத்தில் நீரிணையைத் தாண்டிவிடும் என்கிறார்கள், 2026 இறுதி என்று இலக்கு. அதையும் கணக்கில் எழுதி, பிறகு அடித்தோம். வராத ரயிலில் சீட்டு போட வேண்டாம் என்றார்.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான். அவர் இரவு வேலையை ஏற்பதில்லை. நான் மாதத்தில் இரண்டு ஞாயிறு எந்த மேடையையும் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுக் கடன் போகிற வேகத்தில் போகட்டும். அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்று எனக்குத் தெரியும். எழுநூறு டாலர் சின்ன விஷயம் இல்லை. அடுத்த வருடம் கம்பெனி மறுபடி கேட்டால் மறுபடி பேசுவோம்.

உங்களில் யாராவது இந்த வழியில் போக நினைத்தால் ஒரு செலவுக் குறிப்பு. போகவர, உள்ளூர் சுற்று எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடியது. எங்கள் பழைய மைவிக்குப் பெட்ரோலும் டோலும் சேர்ந்து முந்நூற்றுச் சொச்சம் வெள்ளி. ஐந்து இரவுக்கு அறை எழுநூற்றைம்பது. சாப்பாடு, தேயிலை, புளித்த ஸ்ட்ராபெர்ரி, அத்தைக்குச் சோளம், எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. டச் அண்ட் கோவில் முன்கூட்டியே பணம் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறும் முன் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது சின்ன கியரில் இறங்குங்கள்.

வியாழக்கிழமை திரும்பும் வழியில், மாச்சாப்பில் தே ஓ குடித்துக்கொண்டே மேலாளருக்குச் செய்தி தட்டினார். "நீ படிச்சுப் பார், வானொலிக்காரி" என்று நீட்டினார். ஒரே செய்தியில் மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார். இரண்டை எடுத்தேன். அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் "சரி, பார்த்துவிட்டேன்" என்று பதில் வந்தது. அவ்வளவுதானா என்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்கூட. நான் என் பங்குக்கு ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு, வரும் ஞாயிறு முடியாது என்றேன். அவர் அவ்வளவு சுலபமாக விடவில்லை, இருபது நிமிடம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கி அருவிக்குப் போகிறோம். வீட்டு வாசலிலிருந்து நேர் சாலை. டோல்கூடக் கிடையாது.